இரண்டாவது ஹார்டு டிஸ்க் போட்டதும் ஹேங் ஆன கணினி

வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் இருப்பது 240 ஜிபி எஸ்எஸ்டியில். போட்டோ, வீடியோ எல்லாம் சேர்ந்து இடம் போதாமல் போனதும், பழைய கணினியில் சும்மா கிடந்த 1 டிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டினேன். பயாஸில் தெரிந்தது, விண்டோஸும் டி டிரைவ் என்று காட்டியது. பெரிய ஃபோல்டரைக் காப்பி போட ஆரம்பித்த பிறகுதான் தொல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த காப்பி திடீரென்று நின்றுவிடும். மவுஸ் அம்பு மட்டும் நகரும், எதைக் கிளிக் செய்தாலும் அசைவில்லை. அரை நிமிடம் போல அப்படியே இருந்துவிட்டு, அதுவரை அழுத்திய கிளிக் எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் டி டிரைவ் 100% வேலையில் இருப்பதாகக் காட்டுகிறது, படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யம்!

கடையில் விசாரித்தால், "ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் புதுசா போட்டுடலாம் சார்" என்றார்கள். தலைவலிக்கும் ஃபார்மட், காய்ச்சலுக்கும் ஃபார்மட். டிஸ்க்கைக் கழற்றினால் கணினி ஒழுங்காக ஓடுகிறது, அப்புறம் விண்டோஸ் மேல் என்ன பழி?

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைப் பார்த்தேன். ஒவ்வொரு ஹேங்குக்கும் ஒரு மஞ்சள் முக்கோணம், எண் 129, மூலம் ஸ்டோர்ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்க்குகளோடு பேசும் விண்டோஸ் டிரைவர்). டிஸ்க்கிடம் கேட்டதற்குக் குறித்த நேரத்தில் பதில் வராததால், இணைப்பை ரீசெட் செய்ததாக விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருந்தாலும், எக்ஸ்ப்ளோரரும் ஆன்டிவைரஸும் டி டிரைவின் பதிலுக்காகக் காத்து நின்றால் கணினியே செத்தது போலத்தான் இருக்கும்.

அடுத்து கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, டிஸ்க் தன் உடல்நிலை பற்றி வைத்திருக்கும் கணக்குகளை எண்ணிட்ட வரிகளாகக் காட்டும் மென்பொருள். இதில் 05, சி5 என்ற வரிகள் இரண்டும் பூஜ்யம், அதாவது பேட் செக்டார் (டிஸ்க்கில் பழுதான இடம்) எதுவும் பதிவாகவில்லை. ஆனால் சி7 ஏறிக்கொண்டே இருந்தது. மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே தகவல் கெட்டுப்போகும்போது ஏறும் கணக்கு அது, பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு. (மூல மதிப்பை அந்த மென்பொருள் ஹெக்ஸில்தான் (16 அடிமான எண்ணில்) காட்டும், செட்டிங்கில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.) ஒருமுறை ஏறிய சி7 பிறகு இறங்காது. அதனால் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, மேலும் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் போட்டிருந்தது கிளிப் இல்லாத பழைய சிவப்பு கேபிள், பக்கவாட்டு மூடி அழுத்தியதில் செங்குத்தாக மடங்கியிருந்தது. இரும்புக் கிளிப் உள்ள புதுக் கேபிள் மாட்டியதும் சி7 அப்படியே நின்றது. ஹேங் குறைந்தது, ஆனால் அடியோடு போகவில்லை. இப்போது ஒவ்வொரு ஹேங்குக்கும் முன்னால் டிஸ்க்கில் 'டிக்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே மோட்டார் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும் இரைச்சல். 0சி என்ற வரி, டிஸ்க்குக்கு எத்தனை முறை மின்சாரம் வந்தது என்ற கணக்கு. கணினியை ரீஸ்டார்ட்கூட செய்யாதபோது அது ஏறியிருந்தது.

டிஸ்க்குக்கு மின்சாரம் வந்த வழி, மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் பவர் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒரு மலிவு ஸ்ப்ளிட்டர். தொட்டாலே ஆடியது. 3.5 அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், லூசான பின் அதைத் தாங்காது. பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை ஸ்ப்ளிட்டர்கள் உள்ளே ஷார்ட் ஆகி எரிந்தும் போவதுண்டு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் சாட்டா பவர் கேபிளை இழுத்து மாட்டினேன். 129 அதன் பிறகு வரவில்லை.

இன்னொரு சின்னத் தயக்கம் மிச்சம் இருந்தது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வந்து ஃபைலைச் சேமிக்கப் போனால் சில நொடி நிற்கும். இது கோளாறே இல்லை. 20 நிமிடம் சும்மா இருந்தால் டிஸ்க்கை நிறுத்திவிடும் பவர் ஆப்ஷன் அது. அதை 0 ஆக்கியதும் சரியாகிவிட்டது.