பொலன்னறுவைக்குப் போனா இதையும் பாருங்க

கொழும்பில இருந்து பொலன்னறுவைக்குப் போற எங்கட ஆக்கள் அநேகமா கல் விகாரையில போட்டோ எடுத்திட்டு நேர சிகிரியாவுக்கு வாகனத்தைத் திருப்பிடுவாங்க, தயவுசெஞ்சு இரண்டாம் சிவாலயத்தைப் பாக்காம வந்திடாதீங்க. 11ஆம் நூற்றாண்டில சோழர் கட்டினது, வானவன்மாதேவி ஈஸ்வரம் எண்டு பேர், அடியில இருந்து விமானம் வரைக்கும் முழுக்கக் கல்லு, அங்க இருக்கிற செங்கல் கட்டடங்கள் எத்தனையோ இடிஞ்சு போயும் இது அப்பிடியே நிக்குது. சுவர்ல தமிழ்க் கல்வெட்டு இருக்கு, பின்னேர வெயில் சரிவா விழேக்க கிட்டக் குந்தியிருந்து பாருங்க, தேஞ்ச எழுத்தெல்லாம் ஒவ்வொண்டா மேல எழும்பி வரும், எனக்கு எழும்பி வர மனமே வரேல்ல.

புத்தரிட புனிதப் பல்லை வச்சிருந்த பழைய கோயில்தான் அடதாகே, அதுக்குப் பக்கத்தில வேளைக்காரர் கல்வெட்டு. அந்தத் தந்ததாதுக் கோயிலை நாங்க காப்பாத்துவம் எண்டு வேளைக்காரப் படை, அதான் சிங்கள அரசர்களிட்ட சேவகம் செஞ்ச கூலிப்படை, தமிழில வெட்டி வச்ச உறுதிமொழி, 12ஆம் நூற்றாண்டு! இதை ஏன் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில வடிவாச் சொல்லித் தரேல்ல எண்டு இன்னும் ஆதங்கமா இருக்கு.

பராக்கிரம சமுத்திரக் குளக்கட்டடியில இருக்கிற மியூசியத்துக்கு முதல்ல போங்க, அந்தக் காலத்தில கட்டடங்கள் எப்பிடி இருந்திருக்கும் எண்டு மொடல் செஞ்சு வச்சிருக்காங்க, அதைப் பாத்திட்டு இடிபாட்டுக்க நடந்தா எல்லாம் விளங்கும். பொலன்னறுவையில தோண்டி எடுத்த நடராசர் வெண்கலச் சிலையைப் பாக்க கொழும்பு நூதனசாலைக்கும் ஒருக்கா போயிட்டு வாங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க.