வாசல்நிலைத் தேக்கில் கிட்டார்: எட்டாவது மாதம்

தக்கலையில் எங்கள் பழைய அடுக்களையை இடித்தபோது வாசல்நிலையின் ஒரு கால் கரையான் தொடாமல் முழுசாகக் கிடைத்தது. நல்ல தேக்கு. அதை விறகுக்கு விடாமல் எடுத்து வைத்ததற்குக் காரணம் பிரையன் மே.

குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர். 1963-இல் அவருக்குப் பதினாறு வயது. கடைக் கிட்டாருக்குக் காசில்லை. மின்னணுப் பொறியாளரான அப்பா ஹரால்டும் அவருமாக வீட்டிலேயே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார்கள். கழுத்துக்குப் பழைய கணப்பு ஒன்றின் மகோகனிச் சட்டம்; அதிலிருந்த பூச்சி ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடலுக்குப் பழைய மேசையின் ஓக் பலகை. ஃபிரெட் என்னும் குறுக்குக் கம்பிகள் பதித்த விரல் பலகையின் புள்ளிகளுக்கு அம்மாவின் முத்துச்சிப்பி பொத்தான்கள். இரண்டு வருடத்தில் முடித்த அந்த 'ரெட் ஸ்பெஷல்'தான் இன்றுவரை அவருடைய கிட்டார். கில்ட் கம்பெனி அதைப் பார்த்து அவர் பெயரில் மாடல் போட்டது 1984-இல்தான்.

என் கழுத்துப் பலகையைச் சீவித் தந்த ஆசாரி சொன்னார்: "மக்களே, இது நிலையா நின்ன தடியாக்கும். வளைய வேண்டியதெல்லாம் அப்பமே வளைஞ்சு முடிஞ்சிருக்கும்." ஆறு கம்பிகளும் 30 கிலோவுக்கு மேல் இழுக்கும் என்பதால் உள்ளே ஒரு இரும்புத் தண்டும் வைத்தேன். ஆனி, ஆடி மழை முழுக்கப் பார்த்துவிட்டேன், அவர் சொன்னதுபோலவே நிற்கிறது. உடலுக்கு அயினி மரம். ஃபிரெட் அளவு பிரையன் மேயுடையதேதான்: கம்பி நீளம் மொத்தம் 24 அங்குலம், முதல் ஃபிரெட் 34.2 மில்லிமீட்டரில்.

அதிக நாள் போனது பிக்கப்பில், அதாவது கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருளில். 42 கேஜ் எனாமல் செம்புக் கம்பியை அம்மாவின் தையல் மெஷினில் பாபின் சுற்றும் இடத்தில் பொருத்திச் சுற்றினேன். தலைமுடி கனம்தான். விரல் கொஞ்சம் இறுகினால் அறுந்துவிடும்; மூன்று முறை அறுந்தது. நான்காவதில் 6,500 சுற்று வந்தது. ஆறு பொத்தான் காந்தங்களை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி வைத்தேன். சத்தம் அருமையாக இருந்தது. ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி வளைத்ததும் ஸ்வரத்தோடு 'உஸ்' என்று ஒரு இரைச்சல்.

பிரையன் மேயும் முதலில் பொத்தான் காந்தம் வைத்துத் தானே பிக்கப் செய்து, இதே தொல்லையில் மாட்டியவர்தான். கம்பி ஒரு காந்தத்தின் மேலிருந்து எதிர்முனைக் காந்தத்தின் பக்கம் நகரும்போது காந்தப் புலத்தின் திசையே மாறிவிடுகிறது. அவர் பர்ன்ஸ் ட்ரை-சானிக் பிக்கப் மூன்று வாங்கிப் போட்டார். நான் ஆறு காந்தங்களையும் கழற்றி, ஒரே முனை மேலே பார்க்க ஒட்டினேன். இரைச்சல் போயே போச்சு! அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அடுத்தது வீறிடல். சத்தத்தைக் கூட்டினால் சுருளே அதிர்ந்து கத்தியது. அவர் ட்ரை-சானிக்குக்குள் அரால்டைட் பசை ஊற்றி இறுக்கினார். நானும் அதையே செய்தேன்.

வயரிங் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. அவருடையதைப் போலவே மூன்று பிக்கப், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்ச்: ஒன்று ஆன்-ஆஃப், மற்றது ஃபேஸ் திருப்ப, அதாவது மின்சைகையின் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாக்க. மூன்றும் தொடரிணைப்பில் இருப்பதால் இரண்டைச் சேர்த்துப் போட்டதும் சத்தம் தடித்து வருகிறது. ஒன்றின் ஃபேஸைத் திருப்பினால் அடிச்சத்தம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மெல்லிசாக ஒரு கூர்மை மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கூர்மைக்காகவே இந்தக் கிட்டாரைச் செய்யலாம்.

இப்போது நிற்பது ட்ரெமோலோவில், கைப்பிடியை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு அது. பிரையன் மேயுடையது கத்திமுனை மேல் ஆடும் இரும்புத் தகடு. கம்பிகளின் இழுப்பைத் தாங்க 1928 பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. எனக்கு அழகியமண்டபத்தில் ஒரு பட்டறையில் பழைய பைக் ஸ்பிரிங் கிடைத்தது, இழுப்பும் சரியாக இருக்கிறது. முனைதான் இரண்டே வாரத்தில் மழுங்கி, கைப்பிடியை விட்டதும் சுருதி அரை இழை கீழே நிற்கிறது. மெல்லிரும்பை அராவினால் மட்டும் போதாது, மேல்தோல் கடினமாக வேண்டும். தகடைக் கழற்றி வைத்திருக்கிறேன். கரித்தூளோடு டப்பாவில் அடைத்து உலையில் பழுக்க வைத்துத் தருவதாக ஒரு கொல்லர் ஒத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.