அரை நாளில் தொலைந்த மூன்று வாரங்கள்

டெல்டா செஃபி என்பது சீராக விரிந்து சுருங்கித் துடிக்கும் ஒரு விண்மீன். அதன் எக்ஸ்-கதிர்த் தரவை எடுத்து, அதன் துடிப்போடு சேர்த்து வரைந்து பார்ப்பதுதான் என் ப்ராஜெக்ட். எக்ஸ்எம்எம்-நியூட்டன், சந்திரா என்ற இரண்டு விண்வெளி எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகளின் பழைய தரவும் காப்பகத்தில் திறந்தே கிடக்கிறது. மென்பொருள் நிறுவுவது, கோப்புகளை இறக்குவது எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. தலைவலி அப்புறம்தான்.

முதல் அடி புரோட்டான்களால். ஒரு பதிவில் விண்மீன் திடீரென்று பல மடங்கு பிரகாசமானது. துள்ளிக் குதித்தேன். பக்கத்து வெற்று வானமும் அதே நேரத்தில் எகிறியிருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். விண்வெளியில் திரியும் புரோட்டான்கள் தொலைநோக்கியின் ஆடிகள் வழியே புகுந்து செய்கிற வேலை இது. 10 முதல் 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையான ஆற்றலுக்கு மட்டும் முதலில் ஒளிவளைவு (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) வரையுங்கள். இந்த விண்மீனிலிருந்து அங்கே சொல்லும்படி எதுவும் வராது. எகிறும் நேரத்தைத் தயங்காமல் வெட்டி எறியலாம். பின்னணியை அளக்க வெற்று வானத்தில் வட்டம் போடும்போதும் கவனம்: சுமார் 40 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு) தள்ளி ஒரு துணை விண்மீன் இருக்கிறது.

சரி, பெரிய கதைக்கு வருகிறேன். இந்த விண்மீனின் துடிப்புக் காலம் 5.366 நாள். ஒரு துடிப்பை 0 முதல் 1 வரை பிரித்து, அதில் எங்கே இருக்கிறோம் என்பதைக் கட்டம் என்போம். கண்ணுக்குத் தெரியும் ஒளி உச்சத்தைக் கட்டம் 0 என்று வைத்தால், எக்ஸ்-கதிர் உச்சம் 0.45 அருகில் வரும் என்று 2017-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுகிறது. எனக்கு வந்ததோ 0.36.

ஒளி தொலைநோக்கிக்கு வந்த நேரத்தை, சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு வரும் நேரமாகத் திருத்தவில்லையோ என்று நான்கு நாள் அதிலேயே கிடந்தேன். கொஞ்சம் கணக்குப் போட்டிருந்தால் போதும்: அந்தத் திருத்தம் அதிகபட்சம் எட்டு நிமிடச் சொச்சம், கட்டத்தில் வெறும் 0.001. (ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை துடிக்கும் க்சை-1 கேனிஸ் மேஜோரிஸ் மாதிரி விண்மீன் என்றால் இந்தத் திருத்தத்தை விட முடியாது.) அடுத்து, துடிப்புக் காலமே மெல்லக் குறைந்துவருகிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம். அதுவும் இல்லை. கடைசியில், புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்றே நம்பி இரண்டு பக்கம் விளக்கம்கூட எழுதிவிட்டேன்.

வழிகாட்டி அதைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "உச்ச நேரத்தை எந்த நாள் கணக்கில் எடுத்தே?"

கட்டம் 0-க்கு நான் எடுத்த ஒளி உச்ச நேரம் பழைய அட்டவணையில் ஜூலியன் நாளில் இருந்தது; வானியலில் நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணும் கணக்கு அது. தொலைநோக்கியின் நேரத்தை நான் மாற்றியிருந்தது அதன் சுருங்கிய வடிவமான திருத்திய ஜூலியன் நாளுக்கு. இரண்டுக்கும் இடையே கழிக்க வேண்டியது 2400000.5. நான் கழித்தது 2400000. அந்த அரை நாளை 5.366-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.093. என் 0.36-ஓடு கூட்டினால் 0.45.

அந்த ஒரு எண்ணை மாற்றி நிரலை மறுபடி ஓட்டினேன், நாற்பது விநாடி. எக்ஸ்எம்எம் புள்ளிகளும் சந்திரா புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. ஃபோட்டான்கள் குறைவு என்பதால் பிழைக்கோடுகள் (அளவீடு எவ்வளவு பிசகலாம் என்று காட்டும் கோடுகள்) நீளம்தான், ஆனாலும் உச்சம் தெளிவாகத் தெரிந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் அப்போதே அழித்துவிட்டேன்.