பிப்ரவரியில் அபஷிரி: கடல் உறையும் ஊருக்குப் போகிறவர்களுக்கு

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோ போய்வரும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஏராளம். பனியில் விளையாட அது போதும். ஆனால் கடல் முழுக்க வெள்ளைப் பாளங்களாக மிதந்து வரும் பனிக்கட்டியைப் பார்க்க ஆசைப்பட்டால் டிசம்பர் உதவாது. வடகிழக்கே ஓகோட்ஸ்க் கடலோரம் இருக்கும் அபஷிரிக்கு மிதவைப் பனி பெரும்பாலும் ஜனவரி கடைசியில்தான் வந்து சேரும். பிப்ரவரியில் அடர்ந்து நிற்கும், மார்ச்சில் விலகத் தொடங்கும். பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினாலும் வெறும் கடலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். நம் விடுமுறைகளில் இதற்குச் சரியாகப் பொருந்துவது சீனப் புத்தாண்டு. 2027இல் அது பிப்ரவரி 6, 7. சனி, ஞாயிறில் வருவதால் திங்களும் விடுமுறை. மார்ச் பள்ளி விடுமுறையை இரண்டாம்பட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்: பனி இருக்கலாம், கப்பல் எட்டாத தூரத்துக்குப் போயும் இருக்கலாம்.

அபஷிரி இருப்பது வட அட்சரேகை 44 டிகிரியில். அதே கோட்டருகே இத்தாலியின் ஜெனோவா துறைமுகம் இருக்கிறது, அங்கே கடல் உறைவதில்லை. இங்கே உறைவதற்குக் காரணம் அமூர் ஆறு. அது கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் ஓகோட்ஸ்க் கடலின் மேற்பரப்பில் உப்பு குறைந்த ஒரு நீரடுக்கு உண்டாகிறது, ஏறத்தாழ 50 மீட்டர் கனத்துக்கு. சாதாரணக் கடலில் மேல் நீர் குளிர்ந்தால் கனத்துக் கீழே இறங்கும், அடியிலிருக்கும் வெப்பமான நீர் மேலே வரும். ஆழம் வரை குளிராமல் உறையாது. இங்கே மேலடுக்கு உப்புக் குறைவால் இலேசாக இருப்பதால் அந்தப் புரட்டல் 50 மீட்டரோடு நின்றுவிடுகிறது. அந்த மெல்லிய அடுக்கைச் சைபீரியக் காற்று சீக்கிரமே குளிர்வித்துவிடுகிறது. அமூர் முகத்துவாரத்துப் பக்கம் உறையத் தொடங்கும் பனி, சகாலின் தீவின் கிழக்குக் கரையை ஒட்டிய நீரோட்டத்தில் வளர்ந்தபடியே தெற்கே இறங்கி ஹொக்கைடோவுக்கு வருகிறது.

கடைசி சில கிலோமீட்டரை முடிவு செய்வது காற்று. வடக்குக் காற்று அடித்தால் பனி கரையோடு வந்து ஒட்டிக்கொள்ளும். தெற்குக் காற்று ஓர் இரவு வீசினால், நேற்று வரை வெள்ளையாக இருந்த கடல் விடியும்போது நீலமாகக் கிடக்கும். இதனால்தான் சப்போரோவில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் அபஷிரிக்குப் போய்வரும் திட்டத்தை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. அபஷிரியில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். பனி உடைப்புக் கப்பல் பயணத்தை முதல் முழு நாளின் காலையில் போட்டுவையுங்கள். அது ரத்தானாலோ பனி இல்லாவிட்டாலோ இன்னும் ஒரு முழு நாளாவது கையில் இருக்கும். ஜப்பான் கடலோரக் காவல்படையின் பனித் தகவல் மையம் பருவகாலத்தில் கடல்பனி வரைபடம் வெளியிடுகிறது. பனி எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை அதில் நிறத்தால் காட்டியிருப்பார்கள். முந்தைய நாள் மாலை அதையும் காற்றின் திசையையும் சேர்த்துப் பார்த்தாலே மறுநாள் எப்படி என்று ஓரளவு தெரிந்துவிடும்.

போகிற வழி: சாங்கியிலிருந்து டோக்கியோவின் ஹனேடாவுக்கு ஏறத்தாழ 7 மணி நேரம். அங்கிருந்து மெமன்பெட்சு விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து அபஷிரிக்குப் பேருந்தில் அரை மணி சொச்சம். சப்போரோவிலிருந்து ஓகோட்ஸ்க் என்ற விரைவு ரயிலில் வந்தால் ஐந்தரை மணி நேரம் ஆகும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் ஜப்பான் விசா வேண்டும் என்பதை டிக்கெட் வாங்கும்முன் நினைவில் கொள்ளுங்கள்.

பனிப்பொழிவு நாளில் உள்நாட்டு விமானம் "நிபந்தனையுடன்" புறப்படுவதாக அறிவிப்பார்கள். மெமன்பெட்சுவில் இறங்க முடியாவிட்டால் வேறு விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்கள், அல்லது கிளம்பிய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து மெமன்பெட்சு வரை ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் மாற்றுப் பயணம் விமான நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு மலிவு டிக்கெட்டுகளை நீங்களே ஒட்டியிருந்தால் நஷ்டமும் உங்களுடையதே.

அரோரா என்ற பனி உடைப்புக் கப்பல் "மிச்சி நோ எக்கி" எனப்படும் சாலையோர நிலையத்தை ஒட்டிய துறையிலிருந்து கிளம்புகிறது. ஜனவரி 20 வாக்கில் தொடங்கி மார்ச் கடைசி வரை ஓடும். ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். முன்பகுதி பனிமேல் ஏறி, கப்பலின் எடையால் பாளத்தை அழுத்தி உடைக்கும். அந்த அதிர்வு காலில் தெரியும். பனி அடர்ந்திருந்தால் அலை எழும்பாது, தலைசுற்றலும் இருக்காது. பனி இல்லாத நாளில் குறைந்த கட்டணத்துக்குக் கடல் உலா என்று ஓட்டுவார்கள். அன்று ஆட்டம் இருக்கும், மாத்திரை தேவைப்படும். பனி இல்லாத நாளில் அந்த உலாவுக்குப் போக வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து, அந்த நேரத்தைச் சிறை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். பலத்த காற்றடித்தால் கப்பலே கிளம்பாது. பிப்ரவரியில் சுற்றுலாக் குழுக்கள் மொத்தமாக இடம் பிடித்துவிடுவதால் இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். மேல்தளத்தில் இருபது நிமிடம், உள்ளே கதகதப்பில் பத்து நிமிடம் என்று மாறி மாறி நின்றால் குழந்தைகளும் தாக்குப்பிடிப்பார்கள். பாளங்கள்மேல் ஸ்டெல்லர் கடற்கழுகும் சீல்களும் சில சமயம் தெரியும், தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள்.

கரையில் ஒட்டிநிற்கும் பனிமேல் நீங்களாக இறங்கி நடக்கக் கூடாது. அடியில் இடைவெளி தெரியாது, காற்று மாறினால் நிற்கிற பாளமே கடலுக்குள் போய்விடும். நடந்தே தீருவேன் என்கிறவர்கள் ஷிரெட்டோகோ தீபகற்பத்து உட்டோரோவுக்குப் போகலாம். நீர் புகாத, மிதக்கும் முழு உடையை மாட்டிவிட்டு வழிகாட்டியோடு கூட்டிப்போகிறார்கள்.

அதிகச் செலவில்லாமல் பனி பார்க்க ரயில்தான். அபஷிரியிலிருந்து ஷிரெட்டோகோ-ஷாரி போகும் சென்மோ பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். பிப்ரவரியை ஒட்டி "ரியூஹ்யோ மொனோகதாரி" என்ற சுற்றுலா ரயிலும் ஓடியதுண்டு. கால் மணி நேரத்தில் வரும் கிதஹாமா நிலையத்தின் பக்கத்திலேயே கடல். ஆளில்லா நிலையம், சுவரெல்லாம் பயணிகள் ஒட்டிப்போன பெயரட்டைகள், வெளியே ஒரு மரப் பார்வை மேடை, நிலையக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு சிற்றுண்டிக் கடை. இறங்கும்முன் அடுத்த ரயில் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்கள் மிகக் குறைவு, ஒன்றை விட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தப் பாதையில் சுய்கா எனும் மின்கட்டண அட்டை செல்லாது. ஒற்றைப் பெட்டி ரயிலில் ஏறும்போது எண் சீட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் சில்லறை போட வேண்டும். அதில் ஆயிரம் யென் தாளைத்தான் மாற்றலாம். பத்தாயிரம் யென் தாளோடு ஏறினால் சங்கடம்.

ஊருக்குள் சுற்ற, ரயில் நிலையம், கப்பல் துறை, அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் இணைக்கும் பேருந்தும் அதற்கு ஒருநாள் சீட்டும் உண்டு. சிறை அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1890இல் இங்கே கைதிகளைக் கொண்டுவந்தது ரஷ்யாவைப் பற்றிய பயத்தில் அப்போதைய ஜப்பானின் மெய்ஜி அரசு அவசரமாகச் சாலை போட. 1891இல் அந்த வேலையில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1912இல் கட்டி 1984 வரை பயன்பட்ட மரச் சிறைக்கூடம் விரித்த கைபோல ஐந்து கிளையாகப் பிரிகிறது, நடுவில் காவலர் மேடை. அறைகளின் மரக் கம்பிகளைச் சாய்வாக வைத்திருப்பதைக் கவனியுங்கள்: நடையிலிருந்து காவலருக்கு உள்ளே தெரியும், எதிரெதிர் அறைக் கைதிகளுக்கு ஒருவரையொருவர் தெரியாது. கட்டடங்களுக்குள் கதகதப்பு கிடையாது, மேலங்கியைக் கழற்றாதீர்கள். இப்போதைய சிறை ஊருக்குள் தனியாக இயங்குகிறது, அது சுற்றுலா இடம் அல்ல.

தென்டோ குன்றின் மேலிருக்கும் மிதவைப் பனி அருங்காட்சியகத்தில் மைனஸ் 15 டிகிரி அறை ஒன்று இருக்கிறது, உள்ளே நிஜமான கடல்பனி. ஈரத் துண்டைக் கொடுத்துச் சுழற்றச் சொல்வார்கள், விறைத்துக் குச்சியாகிவிடும். குழந்தைகள் வெளியே வர மாட்டார்கள். மொட்டைமாடியிலிருந்து கடலும் ஷிரெட்டோகோ மலைத்தொடரும் தெரியும். பிப்ரவரியில் நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால் இதை மாலைக்குத் தள்ளாதீர்கள். உறைந்த அபஷிரி ஏரியில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வகாசகி மீன் பிடித்து அங்கேயே பொரித்துச் சாப்பிடுவதும் உண்டு. அது ஒரு முற்பகல் வேலை.

உடை விஷயத்தில் நம்மவர்கள் செய்வது ஒரே தடித்த ஜாக்கெட்டை வாங்கி, உள்ளே பருத்தி பனியனும் ஜீன்ஸும் போடுவது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காற்று பட்டதும் உடம்பு நடுங்கும். ஹொக்கைடோவில் கடையும் ரயிலும் 20 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும், அங்கே அந்த ஜாக்கெட்டுக்குள் வியர்த்து வெளியே வந்தால் கதை முடிந்தது. உடம்பை ஒட்டிக் கம்பளியோ செயற்கை இழையோ, அதன்மேல் ஃபிளீஸ், மேலே காற்று புகாத அங்கி என மூன்றாகப் பிரியுங்கள். யுனிக்லோ, டெக்கத்லான் இரண்டிலும் இவை கிடைக்கும். கரையில் இரவு மைனஸ் 10ஐத் தொடும், கப்பல் தளத்தில் காற்று அதைவிடக் கடுமையாக உறைக்கும். காதை மூடும் தொப்பியும் கழுத்துச் சுற்றியும் ஜாக்கெட்டைவிட முக்கியம்.

காலணியில்தான் பெரிய ஆபத்து. வீட்டு அலமாரியில் சில வருடம் கிடந்த பனிக் காலணியை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். பல காலணிகளின் நடு அடி பாலியூரிதேன். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் அது உள்ளுக்குள் சிதைந்துகொண்டே இருக்கும். பார்க்கப் புதிதாகத் தெரியும், இரண்டாம் நாள் நடையில் அடி மொத்தமாகப் பெயர்ந்துவரும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே நடு அடியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ உதிரும் தூளோ இருந்தால் தூக்கி எறியுங்கள். நன்றாக இருந்தாலும் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். வழுக்காமலிருக்க, காலணிமேல் மாட்டும் ரப்பர்-முள் பட்டையை ஹொக்கைடோவில் வாங்கிக்கொள்ளலாம். கடைக்குள் நுழையும்போது அதைக் கழற்றிவிடுங்கள், ஓடு பதித்த தரையில் அதுவே வழுக்கும். நடக்கும்போது சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதிய வையுங்கள். மிக மோசமான இடம், சக்கரம் ஏறி ஏறிப் பளபளத்த சாலைக் கடப்பு.

கைப்பேசி மின்கலம் குளிரில் திடீரென அணையும், உள்பையில் வையுங்கள். கேமராவை வெளியே இருக்கும்போதே ஜிப் பையில் போட்டு மூடி, அறைக்குள் வந்து ஒரு மணி கழித்துத் திறந்தால் உள்ளே நீர் கோக்காது.

சாப்பாடு. மீன் சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை. இளஞ்சிவப்பு சால்மன் பொரியலைச் சோற்றின்மேல் அடுக்கிய "ஸங்கி தொன்" இந்த ஊர்ச் சிறப்பு. ஹலால் பார்ப்பவர்கள் மீனிலும் கேட்டுக்கொள்ள வேண்டும், குழம்புகளில் மிரின், சமையல் சாக்கே எனும் அரிசி மதுக்களைக் கலப்பார்கள். சுத்த சைவர்களுக்குத்தான் கஷ்டம். காய்கறி சூப், சோபா நூடுல்ஸ், முட்டைக் கூட்டு எல்லாவற்றிலும் தாஷி எனும் மீன் சாறு இருக்கும், "இறைச்சி வேண்டாம்" என்று சொல்வதால் அது விலகாது. ஜப்பானியக் கறிக்கட்டிகளில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். தேக்காவில் ரெடிமேட் உப்புமா, எலுமிச்சை சாதம், ஊறுகாய் வாங்கிப் போங்கள். வெந்நீர் ஊற்றினால் ஆகிற வகையாக இருக்கட்டும். நம் வீட்டுக் குட்டிச் சோற்றுப் பானை அங்கே வேலை செய்யாது: ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. அந்தச் சூடேற்றும் கம்பிக்கு ஐந்தில் ஒரு பங்கு சக்திதான் கிடைக்கும், அரிசி ஊறுமே தவிர வேகாது. பாக்குவா, கோழி, ஆட்டிறைச்சி எதுவும் காற்று நீக்கிய பொட்டலத்தில் இருந்தாலும் ஜப்பானுக்குள் அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் பழங்களும் வேண்டாம்: பலவற்றுக்கு அனுமதியே இல்லை, மற்றவற்றுக்கு ஏற்றுமதி நாட்டின் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள்.

வாடகைக் கார் எடுக்கலாமா? சிங்கப்பூர் உரிமத்தோடு ஆட்டோமொபைல் சங்கத்தின் அனைத்துலக அனுமதியும் இருந்தால் சட்டப்படி ஓட்டலாம், இடப்பக்கம்தான். ஆனால் பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் வேண்டாம். வயல்வெளிகளில் காற்று தரைப்பனியைக் கிளப்பினால் முன்னால் எதுவும் தெரியாது. சாலையின் விளிம்பைக் காட்டத் தலைக்குமேல் சிவப்பு-வெள்ளை அம்புக்குறிகள் தொங்குவது அதற்காகத்தான். சிக்கிக்கொண்டால் புகைக்குழாயைச் சுற்றிப் பனி மூடாமல் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வந்து உயிரையே எடுத்துவிடும்.

திரும்பும் நாளில் அபஷிரியிலிருந்து நேராகச் சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்கும் திட்டம் வேண்டாம். முந்தைய நாளே மெமன்பெட்சுவைவிட்டுக் கிளம்பி ஓர் இரவு டோக்கியோவில் தங்குங்கள். காலை விமானமாகப் பார்த்து எடுங்கள். அது ரத்தானால் பிற்பகல் விமானம் இருக்கும், அதிலும் இடமில்லை என்றால் சப்போரோ ரயிலைப் பிடித்து அங்கிருந்து பறக்க அன்றைய பொழுதாவது மிஞ்சும்.