குறுவை நாட்குறிப்பு: பொதிக்குள் நடப்பது

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

ஆடிப்பெருக்கு முடிந்து ஊரே சோம்பலாகக் கிடக்கிறது. மாமா மட்டும் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்ததும் ஒரு கேள்வியைப் போட்டார்.

"ஏம்மா, ஆடுதுறை 43ஐ நம்ம களத்து நெல்லையே எடுத்து வச்சு விதைச்சா அப்படியே வருது. கடையில வாங்கின வீரிய ஒட்டு நெல்ல அதே மாதிரி எடுத்து வச்சு விதைச்சேன். ஒண்ணு இடுப்பு உயரம், ஒண்ணு முழங்கால் உயரம். ஒண்ணு கதிர் வாங்கி முத்திடுச்சு, ஒண்ணு இன்னும் கதிர் வெளிய வராம பொதியிலயே நிக்குது. ரெண்டும் நெல்லுதானே?"

வருஷா வருஷம் புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஏன் என்று சொல்லவில்லை. விதை விற்பதற்கான தந்திரம் என்பது மாமாவின் கட்சி. இந்த வாரம் பதினொன்றாம் வகுப்புக்கு நான் நடத்த வேண்டிய குன்றல் பகுப்புப் பாடமே (மகரந்தமும் கருமுட்டையும் உண்டாக நடக்கிற செல் பிரிவு) இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். ஆனால் திண்ணையில் வைத்து இரண்டு வரியில் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று வரலட்சுமி விரதம். வாங்கிய பூவில் மல்லிகைச் சரமும் கனகாம்பரச் சரமும் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

நெல்லின் ஒவ்வொரு செல்லிலும் பண்புகளைச் சுமக்கிற இழைகள், குரோமோசோம்கள், 24 இருக்கும், அதாவது 12 ஜோடி. ஜோடியில் ஒன்று சூலிலிருந்து வந்தது, மற்றது மகரந்தம் கொண்டுவந்தது. வேரும் இலையும் வளரும்போது நடக்கிற பிரிவில் 24ம் நகலாகி, பிறக்கிற இரண்டு செல்லுக்கும் முழுதாகப் போய்ச் சேரும். மகரந்தமும் கருமுட்டையும் உண்டாகிற இடத்தில் மட்டும் கணக்கு வேறு. நகலெடுப்பது ஒரு தடவை, பிரிவது இரண்டு தடவை. ஒரு செல் நாலாகும், ஒவ்வொன்றிலும் 12தான் இருக்கும். இப்படிப் பாதியாகாவிட்டால் அடுத்த தலைமுறையில் 48, அதற்கடுத்து 96 என்று ஏறிக்கொண்டே போகும்.

பிரிவதற்கு முன்னால் ஜோடிகள் ஒன்றையொன்று தேடி வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கின்றன. இங்கேதான் பூவை எடுத்தேன். ஒரு ஜோடிக் குரோமோசோம் மாதிரி இரண்டு சரத்தையும் அருகருகே வைத்து, ஒரே இடத்தில் அறுத்து, மாற்றி முடிச்சுப் போட்டேன். பாதி மல்லி, பாதி கனகாம்பரமாக இரண்டு சரம் கிடைத்தது. இதுதான் குறுக்கேற்றம். (உண்மையில் ஒவ்வொன்றும் தன் நகலோடு இரட்டை இழையாக இருக்கும், நாலு இழையில் இரண்டுதான் ஒவ்வோர் இடத்திலும் மாற்றிக்கொள்ளும். மாமாவிடம் அதுவரை போகவில்லை, வகுப்பில் போயாக வேண்டும்.) குரோமோசோம்கள் நிஜமாகவே துண்டு மாற்றிக்கொள்கின்றன என்பதை 1931இல் ஹாரியட் கிரைட்டனும் பார்பரா மெக்லின்டாக்கும் மக்காச்சோளத்தில் கண்ணால் பார்க்கும்படி காட்டினார்கள்.

அப்புறம், எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கும் விதி கிடையாது. 12 ஜோடிக்கு 4,096 விதமாகப் பிரியலாம், குறுக்கேற்றத்தைச் சேர்க்காமலே. மனிதருக்கு 23 ஜோடி, அதனால் 83,88,608.

"அப்ப ஆடுதுறை 43லயும் இதெல்லாம் நடக்கத்தானே செய்யும்?" என்றார் மாமா. வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்காத கேள்வி.

நடக்கும். ஆனால் அங்கே ஜோடியில் இரண்டும் ஒரே மாதிரி, இரண்டுமே மல்லிகைச் சரம். எங்கே அறுத்து எப்படி மாற்றிக் கட்டினாலும் மல்லிகைதான். நெல் தன் மகரந்தத்தையே தான் ஏற்கிற பயிர். ஐஆர் 50, மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி என்ற இரண்டு ரகங்களைக் கலந்து வந்ததுதான் 43. இப்படிக் கலந்தால் முதல் தலைமுறை ஒரே சீராக நிற்கும், இரண்டாவது சிதறும். சிதறியதில் நல்ல செடியைப் பொறுக்கி அதன் மகரந்தத்திலேயே விட்டுக்கொண்டு வந்தால், இரண்டு விதமாக இருக்கிற ஜோடிகள் தலைமுறைக்குத் தலைமுறை பாதிப் பாதியாகக் குறையும். 100, 50, 25 என்று இறங்கி ஏழாம் தலைமுறையில் நூற்றுக்கு இரண்டுகூட மிஞ்சாது. அப்படி நிலைப்படுத்திய பிறகுதான் 1998இல் ரகமாக வெளியிட்டார்கள். வீரிய ஒட்டு என்று கடையில் விற்பது அந்த முதல் தலைமுறை. அதன் களத்து நெல் இரண்டாம் தலைமுறை, சிதறாமல் என்ன செய்யும்?

மாமா அறுத்துக் கட்டிய சரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, கடைக்காரன் பொய் சொல்லல. ஆனா காசு அதிகம்தான்."

ஆகஸ்ட் 14, வியாழன்

செய்முறை வகுப்பு. நேற்றுக் காலை மாமா வயலில் பொதிப் பயிராகப் பார்த்துப் பறித்தோம். கண்ணாடி இலையின் (கடைசியாக வரும் மேல் இலை) கழுத்து முந்தைய இலையின் கழுத்தை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பறிக்க வேண்டும், தாண்டிவிட்டால் எல்லாம் மகரந்தமாகியிருக்கும். உறையைப் பிளந்தால் உள்ளே கதிர் வெளுப்பாக, ஈரமாக, தொட்டால் நசுங்குகிற மாதிரி இருக்கிறது. ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் ராத்திரி முழுக்க ஊறியது.

ஒரு பூவுக்கு ஆறு மகரந்தப்பை. ஒன்றை ஊசி முனையில் எடுத்து, அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயச் சொட்டில் வைத்து நசுக்கி, கவர் கிளாஸ் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, பிளாட்டிங் பேப்பர் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். விரல் வழுக்கினால் போச்சு.

கதிரின் நுனியில் பூக்கள் முந்தியிருந்தன: நாலு செல் ஒன்றோடொன்று ஒட்டி, மெல்லிய சுவரால் பிரிந்து கிடந்தன. அடிப்பக்கப் பூக்களில்தான் நாங்கள் தேடியது. டயாகைனசிஸ் நிலை, அதாவது ஜோடிகள் பிரிவதற்குச் சற்று முந்தைய கட்டம்: ஜோடி ஜோடியாகச் சுருங்கிய சிவப்புப் பொட்டுகள். ஒருத்தி 11 என்றாள், இன்னொருத்தி 12 என்று சண்டை பிடித்தாள். நுண் திருகை மெதுவாகத் திருப்பியதும், ஒன்றின் மேல் ஒன்று கிடந்தது விலகித் தெரிந்தது. ஒரே கதிரில் அடியிலிருந்து நுனிவரை பாடப்புத்தகத்தின் படங்கள் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும்போது, கரும்பலகையில் வரைந்து காட்டுவது தண்டம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துவிட்டார்கள். மாமா போர் தண்ணீரைத் திறந்துவிட்டார். பொதியில் காயவிட்டால் பயிர் மணி பிடிக்காமல் சாவியாகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குன்றல் பகுப்பு நடக்கிற நாட்களில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் மகரந்தம் மலடாகிவிடும். கதிர் பார்க்க நன்றாக இருக்கும், தூற்றும்போதுதான் பதர் தெரியும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திருவையாறு பக்கம் உறவினர் வீடு. ரஸ்தாளித் தோப்பில் வாடல் நோய், ஒரு மூலையில் தொடங்கிப் பாதித் தோப்பு போய்விட்டது. ரஸ்தாளி, பூவன் இரண்டிலும் குரோமோசோம் மூன்று தொகுதி, 11 வீதம் 33. மூன்றை இரண்டு பக்கமாக ஒழுங்காகப் பிரிக்க முடியாது, அதனால் குன்றல் பகுப்பு குழம்பிப்போய் விதை பிடிப்பதில்லை. விதை இல்லாததால்தான் நமக்குத் தின்ன வசதி. ஆனால் பக்கக்கன்று வழியாகவே வந்த தோப்பு முழுவதும் ஒரே வாழை. ஒன்றைச் சாய்க்கிற நோய்க்கு எல்லாமே சாயும்.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று இரவு முழுச் சந்திர கிரகணம். எங்கள் தெருவில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தியைச் சாயங்காலமே அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதனாலோ என்னவோ, இன்று வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தனியாக வந்து நின்றாள். அவள் அத்தை பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம். கிரகணத்தில் வெளியே வந்ததால் என்று பாட்டி இன்னமும் அத்தையைக் குத்திக்காட்டுகிறாராம்.

கிரகணத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 21ஆம் குரோமோசோம் பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் சேர்ந்தே போய்விடுகிறது. பிள்ளைக்கு 46க்குப் பதில் 47. 1959இலேயே ஜெரோம் லெஜூன் குழு இதைக் கண்டு சொல்லிவிட்டது. பெரும்பாலும் முட்டையில் நேர்கிறது, சில சமயம் விந்தணுவிலும். முட்டையில் ஏன் அதிகம்? பெண் குழந்தை பிறக்கும் முன்பே அவளுடைய முட்டைகளில் குன்றல் பகுப்பு தொடங்கி, ஜோடிகள் சேர்ந்த நிலையிலேயே நின்றுவிடும். வயதுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக விழித்து மேலே போகும். இரண்டாம் பிரிவு முடிவதே விந்தணு நுழைந்த பிறகுதான். 35 வயதில் வெளிவரும் முட்டை 35 வருஷமாக ஜோடிகளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பிடிப்பு தளரத்தான் செய்யும். இளம் தாய்க்கும் நேரலாம், யார் செய்ததும் இல்லை.

"அப்ப நான் வந்த முட்டை, எங்கம்மா அம்மாச்சி வயித்துல இருக்கும்போதே இருந்துதா மிஸ்?"

ஆமாம் என்றேன்.

பாட்டியிடம் இன்றைக்கே சொல்லப்போகிறாளாம். முதலில் அத்தையிடம் சொல் என்று அனுப்பினேன்.