பம்பரில் குரோம் போனது, வார்னிஷ் போகவில்லை

1/24 அளவுப் பிளாஸ்டிக் மாடல் கார் ஒன்று மூன்று வாரமாக மேசையில் பம்பர் இல்லாமல் நிற்கிறது. பெட்டியிலேயே குரோம் பூசி வந்த பாகங்கள்தான் காரணம். தள்ளி நின்று பார்த்தால் நல்ல பளபளப்பு. கிட்டே போனால் பம்பரின் குறுக்கே, வார்ப்பு அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் விழுந்த அச்சுக் கோடு ஓடுகிறது. பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லிளிக்கிறது. தேய்த்தால் கோடு போகும், கூடவே குரோமும் போகும்.

அதைவிடத் தொல்லை ஒட்டுவது. மாடல் சிமென்ட் என்ற பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும். நடுவில் குரோம் இருந்தால் அது பிளாஸ்டிக்கைத் தொடவே தொடாது. இரண்டு பாதியாக வந்த சைலன்சரை ஒட்டி வைத்தேன். மறுநாள் கையில் எடுத்ததும் இரண்டாகவே வந்தது.

கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். ஒட்டும் விளிம்புக்கு அது போதும், கிரில் கம்பிகளுக்கு நடுவே கத்தி நுழையாது. சரி, பிளீச்தான் என்று முடிவு செய்தேன். துணிக்குப் போடும் சாதாரண திரவ பிளீச். பெயர்தான் குரோம், உண்மையில் அது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், ஒரு மைக்ரான்கூடக் கனம் வராது. பிளீச்சில் இருக்கும் காரத்துக்கு அலுமினியம் தாங்காது. பாகங்கள் செய்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது.

கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்தேன். பாகங்களை பிளீச்சில் போட்ட டப்பாவை இறுக மூடவில்லை, வாயு வெளியேற வழி வேண்டும். ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் கிரிலின் ஓரத்தில் வெள்ளி மங்கிச் சாம்பலானது, சாம்பல் கரைந்தது, கம்பி கம்பியாக உள்நோக்கி நகர்ந்தது. கால் மணி நேரத்தில் டப்பாவுக்குள் வெறும் பிளாஸ்டிக் பாகங்கள். இவ்வளவுதானா என்றிருந்தது.

இவ்வளவுதான் இல்லை. கழுவிக் காயவைத்தபோது பாகங்களில் லேசான மஞ்சள் மினுமினுப்பு. பிளாஸ்டிக்கின் நிறமே அதுதான் போலிருக்கிறது என்று, பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பிரைமரை அடித்துவிட்டேன். கிரில் கம்பிகள் வீங்கின மாதிரி தெரிந்தன. பம்பரின் ஓரத்தில் தற்செயலாக நகம் பட, பிரைமர் ஏடு ஏடாக உரிந்தது. கூடவே அடியிலிருந்து கண்ணாடித்தாள் போல ஒரு மஞ்சள் சுருளும் வந்தது.

அலுமினியம் வழவழப்பாகப் படிய வேண்டும் என்பதற்காக முதலில் பூசும் வார்னிஷ் அது. பிளீச் அதைச் சீண்டுவதே இல்லை. அதாவது எளிதான பாதியை முடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறேன்.

வார்னிஷை எடுக்க, பெயின்ட்டைக் கரைக்கும் லாக்கர் தின்னர் தோதுப்படுமா என்று, பாக எண் அச்சிட்ட ஸ்ப்ரூ துண்டு ஒன்றில் ஒரு சொட்டு விட்டேன். எண் குழைந்து பசையாகிவிட்டது. நல்லவேளை, பம்பரில் விடவில்லை. அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஆனால் பிளீச் ஈரம் துளி இருக்கும்போதும் ஆல்கஹாலில் போடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சுப் பொருள்கள் உருவாகும். அமிலமோ அம்மோனியாவோ பிளீச்சோடு சேர்ந்தாலும் ஆபத்துதான். நான்கு தடவை அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். பிறகு பம்பரையும் கிரிலையும் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறப்போட்டேன். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க, மஞ்சள் தோலும் பிரைமரும் சேர்ந்தே கழன்றன. மூலைகளில் மிஞ்சியதைக் கூராகச் சீவிய பல்குச்சி பார்த்துக்கொண்டது. இரண்டு ரிவெட் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது!

ரிம்களை மட்டும் தொடவில்லை. அவற்றில் அச்சுக் கோடு கண்ணுக்குப் படுகிற இடத்தில் இல்லை. குழிகளில் நீர்த்த கறுப்பு பெயின்ட் ஓடவிட்டதே போதுமாக இருந்தது. பளபளப்பாக இருப்பதையெல்லாம் உரித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

ஒரு இழப்பும் உண்டு. சின்னப் பாகங்களை ஸ்ப்ரூவோடு ஊறப்போட்டிருக்க வேண்டும். நான் வெட்டிப் போட்டேன். குழாயடியில் அலசும்போது காரின் இடப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடி நழுவிச் சாக்கடைத் துளைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் வடிகட்டி நினைவுக்கு வந்தது. பம்பர் இப்போது பளபள கறுப்பு அடிப்பூச்சில் காய்ந்துகொண்டிருக்கிறது, குரோம் பெயின்ட் அதன் மேல்தான். இடப்பக்கக் கண்ணாடியை மிச்ச ஸ்ப்ரூவிலிருந்து செதுக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது முயற்சி இது.