அரைக்கால் கனசதுரம்

"பெட்டியில் 90 கட்டைகள் பிடித்தன. ஒவ்வொன்றும் அரைக் கட்டை. ஆகவே கன அளவு 45" என்று ஒரு மாணவி கரும்பலகையில் எழுதினாள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொருத்தி நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 11¼ கன அலகு என்று எழுதியிருந்தாள். எது சரி என்று கேட்டபோது வகுப்பு முழுவதும் 11¼ என்றது. ஏன் என்று கேட்டபோது, "சூத்திரத்தில் போட்டால் அதுதான் வருகிறது" என்பதற்கு மேல் எவராலும் சொல்ல முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அளவியல் பாடம் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து, பக்கங்கள் பின்னமாக வரும் கனச்செவ்வகத்தில் மாணவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தவறான விடையைவிட, காரணம் தெரியாத சரியான விடைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

அந்தப் பெட்டி நானே அட்டையில் செய்தது. 4 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தை ஓரலகு என்று வைத்துக்கொண்டு, 2½ அலகு நீளம், 1½ அலகு அகலம், 3 அலகு உயரம் வரும்படி ஒட்டியிருந்தேன். உள்ளே அடுக்குவதற்கு, தச்சுப் பட்டறையில் மீந்த ரீப்பர் கட்டையை 2 செ.மீ. கனசதுரங்களாக அறுத்து வாங்கியிருந்தேன். நீளவாக்கில் 5, அகலவாக்கில் 3, அடுக்குகள் 6 என்று மொத்தம் 90 கட்டைகள் இடைவெளியில்லாமல் உட்கார்ந்தன. எண்ணிக்கையில் யாருக்கும் ஐயமில்லை. "அரைக் கட்டை" என்ற பேச்சில்தான் சிக்கல் இருந்தது. அந்தக் கட்டையின் பக்கம் அரை அலகு என்பது உண்மை. பக்கம் அரையானால் கட்டையும் அரையாகிவிடும் என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது.

இதைப் பேசித் தீர்ப்பதைவிட வெட்டிக் காட்டுவது நல்லது. துணி துவைக்கும் சோப்புக் கட்டியிலிருந்து 4 செ.மீ. கனசதுரம் ஒன்றை முன்பே அறுத்து வைத்திருந்தேன். 45 என்று எழுதிய மாணவியையே அழைத்து, தையல் நூலை இரு கைகளிலும் இறுகப் பிடித்து நடுவில் அறுக்கச் சொன்னேன். இரண்டு துண்டுகள் விழுந்தன. "இவை அரைதான். ஆனால் இவற்றின் எல்லாப் பக்கங்களும் 2 செ.மீ. தானா?" என்றேன். அவள் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம்தான் குறைந்திருக்கிறது, மற்ற இரண்டும் இன்னும் 4 செ.மீ. என்றாள். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து வேறு திசையில் அறுத்ததும் நான்காயின. உயரத்தையும் பாதியாக அறுத்த பிறகே ரீப்பர் கட்டை அளவில் எட்டுத் துண்டுகள் கிடைத்தன. மூன்றாவது வெட்டு முடிந்ததும், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, அவள் கரும்பலகைக்குப் போய் 45-ஐ அழித்துவிட்டு 90-ஐ 8-ஆல் வகுத்தாள்.

இந்த இடத்தில் தமிழில் நமக்கு ஒரு பெரும் வசதி உண்டு. அதை நாம் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம். எட்டில் ஒன்றுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அரைக்கால், அதாவது காலில் அரை. அரையில் அரை கால், காலில் அரை அரைக்கால் என்று சொல்லிப் பார்த்தால், மூன்று வெட்டுகளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பது தெரியும். பதினாறில் ஒன்று வீசம். கால் அலகுப் பக்கமுள்ள கனசதுரம் 1/64 கன அலகு, அதற்குப் பெயர் கால் வீசம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வைத்து இந்தக் கீழ்வாய் இலக்கங்களின், அதாவது பின்னங்களின், வாய்பாட்டைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். இன்றைய மாணவர்களுக்கு அரைக்கால் என்றதும் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் "அரைக் கட்டை" என்பதை "அரைக்கால் கட்டை" என்று அன்றே பெயர் மாற்றினோம். அதன் பிறகு அந்த வகுப்பில் இந்தத் தவறு வரவில்லை.

கணக்கைத் தொடங்குமுன் விடை எந்த எல்லைகளுக்குள் இருக்கும் என்று எழுதச் சொல்வதும் என் வழக்கம். இந்தப் பெட்டி 2 × 1 × 3 என்பதைவிடப் பெரியது, 3 × 2 × 3 என்பதைவிடச் சிறியது. ஆகவே விடை 6-க்கும் 18-க்கும் இடையில்தான் இருக்க வேண்டும். இந்த வேலி 45-ஐ வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் 6¼-ஐ நிறுத்தாது, அந்த விடையும் ஆண்டுதோறும் வருகிறது. முழு எண்களைத் தனியாகப் பெருக்கி 6, பின்னங்களைத் தனியாகப் பெருக்கி ¼, இரண்டையும் கூட்டி 6¼ என்று எழுதுகிறார்கள். இதற்குக் கலப்புப் பின்னத்தைத் தகா பின்னமாக மாற்று என்று கட்டளையிடுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. பெட்டியின் அடித்தளத்தைக் கட்டம் போட்ட தாளில் வரையச் சொல்கிறேன். 2½-க்கு 1½ என்ற அந்தச் செவ்வகத்தில் முழுச் சதுரங்கள் இரண்டு. அவற்றின் நீளத்தையொட்டி அரை அலகு அகலப் பட்டை ஒன்று, அதன் பரப்பு 1. அகலத்தையொட்டி இன்னொரு பட்டை, அதன் பரப்பு ½. மூலையில் ஒரு கால் சதுரம். மொத்தம் 3¾. முழுச் சதுரங்களையும் மூலையையும் மட்டும் கணக்கில் எடுத்த மாணவன் இரண்டு பட்டைகளையும் விட்டுவிட்டான் என்பதும், மூலையைக்கூட 3 அலகு உயரத்துக்கு எழுப்ப மறந்துவிட்டான் என்பதும் படத்திலேயே தெரிந்துவிடும். 3¾-ஐ 3-ஆல் பெருக்கினால் 11¼.

தசமமாக மாற்றிப் பெருக்கினால் போதாதா என்று கேட்கிறார்கள். 2½-க்கு அது சரிவரும். ⅔ வந்தால் 0.67 என்று எழுதி விடையைக் கெடுத்துவிடுகிறார்கள். ஆகவே அடுத்த பெட்டியை வேண்டுமென்றே ⅔ அடி, ½ அடி, ¾ அடி என்று கொடுப்பேன். இதில் கனசதுரங்களையே அடுக்க வேண்டுமென்றால் மூன்று பின்னங்களின் பகுதிகளுக்கும், அதாவது கீழே உள்ள எண்களுக்கும், பொதுவான 1/12 அடி தேவை. அது ஓர் அங்குலம். 8 × 6 × 9 என்று 432 கன அங்குலம், ஒரு கன அடிக்கு 1728, எனவே விடை கால் கன அடி. ஆனால் அடுக்கும் கட்டை கனசதுரமாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ⅓ அடி, ½ அடி, ¼ அடி பக்கங்களுள்ள சிறு கனச்செவ்வகத்தை எடுத்துக்கொண்டால், ஒரு கன அடியை நிரப்ப 3 × 2 × 4 என்று 24 வேண்டும். நம் பெட்டிக்கு 2 × 1 × 3 என்று 6 போதும். பகுதிகளைப் பெருக்குவது ஓரலகை எத்தனை துண்டாக்கினோம் என்பதையும், தொகுதிகளை, அதாவது மேலே உள்ள எண்களை, பெருக்குவது அதில் எத்தனை துண்டு நம் பெட்டியில் இருக்கிறது என்பதையும் சொல்கிறது. சூத்திரம் பின்னத்துக்கும் பொருந்துவதற்கு இதுவே காரணம். இதை வகுப்பில் அவசரப்படாமல், இரண்டு பாடவேளை எடுத்துக்கொண்டே சொல்கிறேன்.

இந்த ஆண்டு இதைச் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "செங்கல்லும் இப்படித்தானே சார்?" என்றான். அவனுடைய அப்பா கொத்தனார். ஒன்பது, நாலரை, மூன்று அங்குலம் என்று வீட்டில் கேட்ட அளவை அவன் சொல்ல, நான் அதை அடியில் எழுதச் சொன்னேன்: ¾, ⅜, ¼. பெருக்கினால் 9/128 கன அடி. அதாவது ஒரு கன அடியை 128 துண்டுகளாக்கினால் ஒரு செங்கல்லில் 9 துண்டுகள் இருக்கும். 128-ஐ 9-ஆல் வகுத்து, ஒரு கன அடிக்குப் பதினான்குக்குச் சற்று மேலே கல் வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். கலவைக்கு இடம் விட்டால் எண்ணிக்கை குறையும் என்று அவனே சேர்த்துச் சொன்னான். சோப்பு அறுத்த மாணவி அதோடு விடவில்லை. அங்குலத்திலேயே பெருக்கி 121½ கன அங்குலம் என்று கண்டு, 1728-ஐ அதனால் வகுக்கத் தொடங்கினாள். மணி அடித்துவிட்டது. மறுநாள் காலை நான் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே நோட்டை நீட்டினாள். 14-ம் மிச்சம் 2/9-ம் என்று எழுதியிருந்தாள்.